குணேஸ்வரி எழுதி வைத்த ஒற்றைத் தாள்

"இந்த ஊரில சுடுறவனும் கேக்கிறானில்லை, ஊசி போடுறவனும் கேக்கிறானில்லை."

இதைக் குணேஸ்வரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று பாலையூற்றில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. காலையில் முற்றம் கூட்டும்போது சொல்லுவாள். விளக்குமாறு ஒரு இழுவை, வசனம் ஒரு இழுவை. மண்ணெண்ணெய் வரிசையில் சொல்லுவாள். முன்னுக்கு நிற்பவன் திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லுவாள். சொல்லும்போது குரல் மூக்கில் ஏறும். 'கேக்கிறானில்லை' என்ற இடத்தில் கீழ் உதடு வெளியே வரும். இடது கை விரிந்து, ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரிய அதிகாரியிடம் முறைப்பாடு கையளிப்பதுபோல நிற்கும். வீட்டு முன்தெருவான ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பெட்டைகள் இதை அப்படியே செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவள் கண்டால் ஏசமாட்டாள். "கையை இன்னும் கொஞ்சம் விரியடி, நான் அவ்வளவு கஞ்சமாக் கேக்கிறேல்லை" என்று திருத்தி விடுவாள்.

இந்த வசனத்தை அதிகம் கேட்டவள் தங்கை புஸ்பராணி. தமக்கையைவிட ஒன்பது வயது இளையவள். கலியாணம் முடிக்காமல், ஒரு தையல் மெசினோடு, அக்காவின் வீட்டிலேயே இருந்துவிட்டவள். குணேஸ்வரிக்கு வாய் எப்படியோ, புஸ்பராணிக்கு வாயில்லாமை அப்படி. விரலில் தையல் ஊசி ஏறி இரத்தம் வந்தாலும், "என்னடி?" என்று கேட்டால், "ஒண்டுமில்லையக்கா" என்றுதான் சொல்லுவாள். காய்ச்சலென்றாலும் ஒண்டுமில்லை. ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் நாலு மணித்தியாலம் வெயிலில் குந்தியிருந்துவிட்டு வந்தாலும் ஒண்டுமில்லை.

"உன்னைக் கொண்டுபோய்ப் புதைச்சுப்போட்டு, குழிக்குள்ள எட்டிப் பாத்து 'எப்பிடி இருக்கிறாய்' எண்டு கேட்டாலும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவாய்" என்பாள் குணேஸ்வரி.

குணேஸ்வரி நகரத்து ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் அற்றெண்டன். வாட்டுக் கழுவியவள், சட்டி எடுத்தவள், செத்தவர்களின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டியவள். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு வேலை. புத்தி மாறாட்டத்தில் குழாயைப் பிடுங்குகிற நோயாளிகளின் கைகளைக் கட்டில் சட்டத்தோடு பன்டேஜ் துணியால் கட்ட வேண்டும். இறுக்கினால் கை வீங்கும், தளர்த்தினால் கழன்றுவிடும். குணேஸ்வரியின் முடிச்சு இரண்டும் செய்யாது. புதிதாக வரும் அற்றெண்டன்மாருக்கு அந்த முடிச்சைக் காட்டிக் கொடுத்தவளும் அவள்தான். 'குணே முடிச்சு' என்றே வாட்டில் அதற்குப் பெயர்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அவளுடைய புருசன் கனகசுந்தரம் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே விழுந்தார். மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை, அவர்தான் விழுந்தார். பாரிசவாதம். அவள் வேலை செய்த வாட்டுக்கே கொண்டு வந்தார்கள். மூக்கால் குழாய் விட்டார்கள். அவர் வாதம் பிடிக்காத மற்றக் கையால் அதைப் பிடுங்கினார். திரும்ப விட்டார்கள், திரும்பப் பிடுங்கினார். மூன்றாந்தரம் தாதிமாருக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸி, "குணே, கட்டு" என்றா.

கட்டினாள்.

"அவர் முடிச்சைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். 'கட்டிப்போட்டு எங்கயடி போறாய்' எண்டு கேக்கிற மாதிரி" என்று புஸ்பராணிக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஆயிரம் தடவை சொன்ன வசனத்தைவிட இந்த ஒரு தடவை சொன்னதுதான் புஸ்பராணியின் நெஞ்சில் கிடந்தது.

பிறகு அவரைக் கண்டிக்கு மாற்றினார்கள். குணேஸ்வரியிடம் யாரும் கேட்கவில்லை. துண்டில் எழுதினார்கள், அம்புலன்ஸ் வந்தது, ஏறினாள். பன்னிரண்டு நாள் அங்கே கிடந்து கனகசுந்தரம் செத்தார். அந்தக் கிழமை வழியில் குண்டு வெடித்து, பாதை பூட்டு. உடலைக் கொண்டுவர வழியில்லை. முகந்தெரியாத நாலு பேர் தூக்கிக்கொண்டுபோக, பாஷை தெரியாத ஒரு ஊரில் அவரை எரித்துவிட்டு, சாம்பலை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக்கொண்டு வந்தாள். உப்புவெளிக் கடலில் கரைத்தபோது, "நாற்பது வருசம் இந்தக் கடலைப் பாத்த மனுசன், போத்தலுக்குள்ள வந்து சேர்ந்திருக்கிறார்" என்றாள். அழவில்லை. அந்தப் புகழ்பெற்ற வசனம் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. கிளினிக்கில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். குளிசை தந்தார்கள். 'கவனமாக இருங்கோ' என்றார்கள். முப்பத்தொரு வருடம் வாட்டில் நின்றவளுக்கு 'கவனமாக இருங்கோ' என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அன்றைக்குப் பின்னேரமே தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள்.

"என்னக்கா எழுதிறியள்?"

"என்ர சாவு."

"ஐயோ, விளக்கு வைக்கிற நேரத்தில அந்தக் கதை கதைக்காதேங்கோ!"

"அப்ப எந்த நேரத்தில கதைக்கிறது? மூக்கில குழாய் இருக்கேக்கையோ? அப்ப வாய் திறக்க ஏலாது, கோதாரி விழுந்தவளே."

எழுதி முடித்து, ஆஸ்பத்திரியில் அறிவித்தல் வாசிக்கும் குரலில் வாசித்துக் காட்டினாள்: "கனகசுந்தரம் குணேஸ்வரி ஆகிய நான், புத்தி தெளிவாக இருக்கும்போது எழுதுவது. எனக்குக் கடுமையாகினால் நோவுக்கு மருந்து தரலாம். மூச்சு முட்டினால் தலைப்பக்கம் உயர்த்திவிடவும். வாயாலோ மூக்காலோ குழாய் விட வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்ப வேண்டாம். துண்டு வெட்டி வீட்டுக்கு விடவும். என் தங்கை புஸ்பராணி எனக்காகப் பேசுவாள்."

கடைசி வசனத்தைக் கேட்டதும் புஸ்பராணியின் கால் மெசின் மிதியிலிருந்து வழுக்கியது. "நானோ? எனக்கு டொக்டர்மாரோட கதைக்கத் தெரியாதக்கா."

"வேற ஆரடி இருக்கினம்? உன்ர அண்ணன் கனடாவில பனி வழிச்சுக்கொண்டிருக்கிறான். வா, பழக்கிறன்."

பழக்கினாள். பின்னேரங்களில் அதுவே வீட்டில் நாடகமாகிவிட்டது. குணேஸ்வரி பேனையைக் காதில் செருகி, வயிற்றை முன்தள்ளி, பேராதனையில் படித்துவிட்டு வந்த டொக்டர்மாரின் அரைத் தமிழில் கேட்பாள்: "நோயாளி முன்னாலே ஏதும் சொல்லியிருக்கிறாவா?" புஸ்பராணி சிரித்துப்போடுவாள். "சிரிக்காதை. அவங்கள் கேக்க மாட்டாங்கள், கேக்காட்டில் நீயாச் சொல்லவேணும். தவறிப்போய்க் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"ஒண்டுமி..."

"அந்தச் சொல்லு வாயில வந்துதெண்டால் நாக்கில சூடு வைப்பன்! சொல்லு: 'ஓம் டொக்டர், எழுதி வைச்சிருக்கிறா, இந்தாங்கோ.'"

"ஓம் டொக்டர், எழுதி வைச்சிருக்கிறா, இந்தாங்கோ."

"சத்தமா. கடையில பாண் கேக்கிற மாதிரிச் சொல்லாதை."

பத்துத் தடவையில் எட்டுத் தடவை சரியாகச் சொல்லுமளவுக்குப் புஸ்பராணி வந்தாள். அக்காவின் தலையில் கை வைத்தும் சொன்னாள்.

தாளுக்குச் சீல் வேண்டுமென்று விதானையார் தம்பிராசாவிடம் போனார்கள். அவருடைய கந்தோரில் அன்றைக்கு நிவாரண அட்டைக்கு நாற்பது பேர். "பிறப்புக்குச் சீல் குத்துறன், இறப்புக்குச் சீல் குத்துறன். இதென்ன நடுவில?" என்றார். "ரெண்டுக்கும் நடுவில கிடந்து இழுபடுறதுக்குத்தான் விதானையார்" என்றாள் குணேஸ்வரி. அவர் சிரித்துக்கொண்டே வாசிக்காமல் குத்தினார். இரண்டாவது சாட்சியாக, ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து ஓய்வு பெற்ற ஜவாஹிர் கையெழுத்து வைத்தார். வைத்த அடுத்த மாதம் அவர் மகளோடு புத்தளத்துக்குப் போய்விட்டார்.

தாளை எங்கே வைப்பது? புஸ்பராணி அலுமாரியில் வைப்போமென்றாள்.

"அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவியோ?" என்றாள் குணேஸ்வரி.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அடையாள அட்டையான ஐசி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, நிவாரண அட்டை, ஒரு மாற்றுச் சேலை. செல் குண்டு விழுந்தால் சோற்றுப்பானையை விட்டுவிட்டு அந்தப் பையோடு ஓட வேண்டும். ஒழுங்கையில் ஓடாத வீடில்லை. சிலர் ஐந்து தரம் ஓடியவர்கள். ஓட்டம் அவர்களுக்குக் கையெழுத்துப்போலப் படிந்துவிட்டது. சத்தம் கேட்டால் ஒருவர் பையைத் தூக்குவார், இரண்டு பேர் நடக்க முடியாதவரைத் தூக்குவார்கள், யாரும் எவரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். நடக்க முடியாதவரைப் போர்வையில் போட்டு நாலு மூலையிலும் பிடித்துத் தூக்குகிற முறையை ஒழுங்கைக்குப் பழக்கியவளும் குணேஸ்வரிதான். அந்தப் பைக்குள் தாளும் போனது.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். குசினி வாசலில் குணேஸ்வரி சரிந்தாள். வாயில் நுரை, நீலம் பாரித்த உதடு. புஸ்பராணி ஒரு சத்தம் வைத்தாள்.

அவ்வளவுதான். ஒழுங்கை ஓடி வந்தது. முன்வீட்டுக் குலசிங்கம் தன்னுடைய கை உழவு மெசினை, லான்ட்மாஸ்டரை, இயக்கினான். யாரோ போர்வை விரித்தார்கள், நாலு மூலையையும் பிடித்தார்கள். புஸ்பராணியின் கை, தலைக்குக் கேட்காமல், கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்தது. இரண்டு நிமிடத்தில் குணேஸ்வரி லான்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டியில் கிடந்தாள். அவள் பழக்கிய பிழையற்ற தூக்கு. வீட்டுக்கு விடச் சொல்லி எழுதி வைத்தவளை, எழுதி வைத்த தாளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாதி வழியில்தான் புஸ்பராணிக்குத் தாள் நினைவு வந்தது. 'பரவாயில்லை, பையிலைதான் இருக்கு. டொக்டரிட்டக் குடுப்பன்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஓம் டொக்டர், எழுதி வைச்சிருக்கிறா, இந்தாங்கோ. ஓம் டொக்டர், எழுதி வைச்சிருக்கிறா, இந்தாங்கோ.

சந்தியில் சோதனைச் சாவடி. இறக்கச் சொன்னார்கள். அக்காவைப் பார்த்ததும் ஒரு ஆமிக்காரன் கையால், போகலாம் போகலாம் என்று காட்டினான். ஆனால் பையைப் பார்க்காமல் விடவில்லை. மேசையில் கொட்டினான். ஐசி பார்த்தான், வைத்தான். உறுதி பார்த்தான், வைத்தான். கடைசியாக அந்தத் தாளை எடுத்து விரித்தான். முழுக்கத் தமிழ். கீழே இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து, ஒரு வட்டச் சீல்.

"மே மொகத?" என்றான். இது என்ன?

இருபது வயதுகூட இருக்காது. மீசை முளைக்க யோசித்துக்கொண்டிருந்த முகம். அவன் அதட்டவில்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். ஆனால் போன மாதம் கோயில் ஐயரின் மகனைப் பையில் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்ததற்கு மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அது திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறவர்களின் பட்டியல். புஸ்பராணியின் கண்ணுக்கு அந்த ஆமிக்காரன் தெரியவில்லை. பெயர், கையெழுத்து, சீல், மூன்று நாள், இவ்வளவும்தான் தெரிந்தது. பெட்டிக்குள் அக்காவின் மூச்சு கர் கர் என்று கேட்டது.

"ஒண்டுமில்லை" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. தாளை நீட்டியபடியே நின்றான். ஒன்றுமில்லை என்பதை எப்படி விளங்கப்படுத்துவது? புஸ்பராணி அதை அவனுடைய கையிலிருந்து வாங்கி, சிரித்துக்கொண்டு, கசக்கி, பக்கத்து வாய்க்காலில் எறிந்தாள். எறிந்த கையை அவனுக்கு விரித்தும் காட்டினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வழி மறித்த தடியைத் தூக்கினான். லான்ட்மாஸ்டர் போனது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். கழுத்தில் கிடந்த குழாயை வைத்துக் கேட்டார், கண்ணை இழுத்துப் பார்த்தார், மிஸ்ஸிமாரை ஓடவைத்தார். ஓடவைத்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். திரும்பிப் புஸ்பராணியைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் தங்கச்சியா? இருதயம் நல்லாப் பழுது அம்மா. மெசினில போடலாம், ஆனா திரும்பி வருவா எண்டு சொல்ல ஏலாது. இப்பிடி வந்தால் என்ன செய்யவேணும் எண்டு அவ முன்னமே ஏதும் சொன்னவவா? எழுதி வைச்சவவா?"

அக்கா நடித்துக்காட்டியதைவிட நல்ல தமிழ். காதில் பேனை இல்லை, வயிறு தள்ளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புஸ்பராணி வாயைத் திறந்தாள். ஓம் டொக்டர், எழுதி வைச்சிருக்கிறா... அதற்கு அடுத்த சொல் 'இந்தாங்கோ'. எதைக் கொடுப்பது? எங்கே என்று கேட்பார். வாய்க்காலில் என்று சொல்ல வேண்டும். யார் எறிந்தது என்று கேட்பார். பின்னால் நின்ற குலசிங்கம், லான்ட்மாஸ்டர் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டையால் கத்தினான்: "டொக்டர், எங்கட குணேக்கா! என்னத்தைச் செய்தாலும் செய்யுங்கோ! உயிரைப் பிடியுங்கோ!" ஒழுங்கையிலிருந்து வந்த எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஒண்டுமில்லை டொக்டர்" என்றாள் புஸ்பராணி.

அவர் கட்டில் பக்கம் திரும்பினார். பிறகு திரை இழுபட்டது.

வாயால் ஒரு குழாய், மூக்கால் ஒரு குழாய், கீழே ஒன்று. இரண்டாம் நாள் குணேஸ்வரிக்கு அரைகுறை அறிவு வந்தது. வந்ததும் அவளுடைய கை நேரே வாய்க்குப் போனது. கையைக் கட்ட வந்தவள் கிண்ணியாக்காரி அற்றெண்டன் பரீதா. குணேஸ்வரியிடம் அந்த முடிச்சைப் படித்தவள். கட்டும்போது அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ஒருநாள் அக்கா என்னட்டச் சொன்னவ, 'பரீதா, நீ என்ர கையைக் கட்டினியெண்டால் பேயா வந்து உன்ர கழுத்தைக் கட்டுவன்' எண்டு. ஒரு கடதாசியும் எழுதி வைச்சதாச் சொன்னாவே. எங்க அது?"

"வீட்டை கிடக்கு" என்றாள் புஸ்பராணி.

"அல்லாவே, வீட்டில என்ன செய்யுது? போய்க் கொண்டு வாங்க! டொக்டர் நல்ல மனுசன், பாப்பார்."

கட்டிலில் குணேஸ்வரி முடிச்சைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

புஸ்பராணி நடந்து போனாள். சாவடிக்குப் பக்கத்தில் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்தாள். தண்ணீர்கூட இல்லை, கூட்டிக் குவித்து எரித்த சாம்பல் கிடந்தது. அதே பொடியன் ஆமிக்காரன், என்ன தேடுகிறாய் என்று கையால் கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டு விதானையார் வீட்டுக்குப் போனாள்.

"விதானையார், நீங்கள் சீல் குத்தின கடிதம். வந்து ஒரு சொல் சொல்லுங்கோ. அக்கா என்ன எழுதினவ எண்டு."

தம்பிராசா பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய குரல் எப்போதும் முதல் சொல்லைப் பெரிதாகவும் கடைசிச் சொல்லை இல்லாமலும் பேசும். "பிள்ளை... நான் சீல்தான் குத்தினனான். வாசிக்கேல்லை. ஒரு நாளைக்கு நூறு குத்துறன். வாசிச்சுக் குத்தினால் இந்தப் பகுதியில ஒருத்தருக்கும் அரிசி கிடைக்கா... நாளைக்கு ஒரு உயிர்க் கதையில என்ரை சீலைப் பற்றிக் கேட்டால்... தங்கச்சி, நீங்கள் டொக்டர் சொல்லுறதைக் கேளுங்..."

திரும்பி வந்து, கடைசியில் வெறும் வாயோடு டொக்டரிடம் போனாள். ஒரு முழு நாள் மனதுக்குள் பழகிவிட்டுத்தான் போனாள். "டொக்டர், அக்கா குழாய் வேண்டாம் எண்டு எழுதினவ."

"எங்கே அம்மா?"

"துலைஞ்சுபோச்சு."

அவர் கண்களைக் கசக்கினார். "அண்டைக்கு நான் கேட்டனான். நீங்கள் இல்லை எண்டியள். இப்ப உங்கட அண்ணர் கனடாவிலயிருந்து பெரிய டொக்டருக்குப் போன் எடுத்து, எல்லாம் செய்யச் சொல்லியிருக்கிறார். கடிதமும் இல்லாமல், ஒருத்தர் ஓம் எண்டு, ஒருத்தர் இல்லை எண்டு... நான் எதை நம்பிக் குழாயைக் கழட்டுறது? சொல்லுங்கோ."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. அதுதான் புஸ்பராணிக்கு அதிகம் எரிந்தது.

தொலைபேசிக் கடையான கொம்யூனிக்கேசனுக்குப் போய் அண்ணனோடு பேசினாள். ஆனந்தராசாவின் குரல் குழாய்க்குள்ளால் வருவதுபோல் வந்தது. "விசர்க்கதை கதையாதை புஸ்பா! அக்காவை விட்டுட்டன் எண்டு நாளைக்கு ஊர் என்னைப் பேசும். கண்டிக்கு அனுப்பச் சொல்லியாச்சு. நான் இஞ்ச இருந்து எவ்வளவு யோசிக்கிறன் தெரியுமோ? நித்திரையில்லை! நீங்கள் அங்க பக்கத்தில இருக்கிறியள், உங்களுக்கென்ன!" அத்தோடு லைன் அறுந்தது. புஸ்பராணி அறுந்த தொலைபேசிக்கும் "சரியண்ணை" என்றாள்.

எட்டு நாள் குணேஸ்வரி கட்டப்பட்டுக் கிடந்தாள். பதினோராம் கட்டில். அதன் கீழே எத்தனை வருடம் தும்புத்தடி போட்டுக் கூட்டியிருப்பாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பழைய ஊழியர்கள், "குணேக்கா, எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, குழாயைக் கண்டதும், பதிலுக்கு நிற்காமல் போனார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்தது. பரீதா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள். பெரிய மிஸ்ஸி வந்து ஒவ்வொரு முறையும் இறுக்கினா.

ஒன்பதாம் நாள் வாய்க்குழாயைக் கழற்றினார்கள். குணமாகியல்ல, கண்டிக்கு அனுப்ப வசதியாக. அடுத்த நாள் காலை ஆமியின் வாகனத் தொடரோடு அம்புலன்ஸ் போகுமென்றார்கள். குணேஸ்வரி அதில் ஏறவில்லை. விடிகிற நேரத்தில், அம்புலன்சுக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தபோது, பதினோராம் கட்டிலில் மூச்சு நின்றது. தாடையைச் சேர்த்துக் கட்டியவள் பரீதா. வீட்டுக்கு வந்துசேர உடலுக்குப் பின்னேரமாகிவிட்டது. மூன்று மைல் தூரத்துக்கு இரண்டு கந்தோர், ஒரு துண்டு, ஒரு சாவடி. அதே பொடியன் பெட்டியைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். ஒழுங்கை கூடி அழுதது. "எங்களால ஏலுமான எல்லாம் செய்தம்" என்று குலசிங்கம் வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னான். ஆனந்தராசா மலர்வளையம் கட்டச் சொல்லி அனுப்பினார். அதில் 'அன்பு அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது. புஸ்பராணியிடம் யாராவது வந்து கையைப் பிடித்தால், "ஒண்டுமில்லை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏனென்றால் முந்தின நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், வாய்க்குழாய் கழன்ற தமக்கையின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைக்கட்டுகளை அவிழ்த்திருந்தார்கள். குணேஸ்வரியின் குரல் பழைய குரலில்லை. மரத்தில் அரம் தேய்க்கிற சத்தம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. முதலில் கேட்டது ஒன்றுதான்.

"தாள் எங்க?"

புஸ்பராணி சொன்னாள். ஒன்பது நாள் அடக்கியதை எல்லாம் சொன்னாள். சந்தி, பை, பொடியன் ஆமிக்காரன் தாளை விரித்து இது என்னவென்று கேட்டது, தான் சொன்னது, கசக்கியது, எறிந்தது. இளம் டொக்டர் திரும்பிப் பார்த்து, ஏதும் எழுதி வைத்தவவா என்று கேட்டது. தான் சொன்னது. சொல்லி முடித்து, அக்காவின் உரிந்த மணிக்கட்டில் நெற்றியை வைத்து, "இப்ப சொல்லுங்கோக்கா, நான் போய்ச் சொல்லுறன். துண்டு வெட்டச் சொல்லிக் கேக்கட்டோ? வீட்டை போவமோ? என்னை மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோக்கா" என்றாள்.

குணேஸ்வரி கண்ணை மூடினாள். பிறகு கீழ் உதடு மெல்ல வெளியே வந்தது. இடது கை, வீங்கிய அந்தக் கை, மெத்தையில் கிடந்தபடியே விரிந்தது.

"அப்ப சுடுறவனும் கேட்டிருக்கிறான், ஊசி போடுறவனும் கேட்டிருக்கிறான். பாவம், அவங்களைத்தானேயடி நான் இவ்வளவு காலமும் வாயில போட்டு மெண்டுகொண்டிருந்தனான்! போ, போய் அந்த ரெண்டு பேரிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு. உனக்குச் சொல்லுறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லை."